நேராகத் தெரிந்த கோடு

அந்தப் பெண் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டாள். “பீமில் ஏதாவது கோளாறு இருக்குமோ?”

விடியற்காலை 3 மணி இருக்கும். இரண்டு இரவுகளாகத் தூங்காத கண்கள் அவளுக்கு. மேசையில் பாதி தின்றுவிட்டு வைத்த ரொட்டி காய்ந்து கிடந்தது. ஒதுக்கப்பட்ட மூன்று நாளில் இரண்டு போய்விட்டன. கையில் உருப்படியான தரவு ஒன்றுகூட இல்லை. நான் பக்கத்துத் திரையைக் காட்டினேன். அதில் பச்சை நிறத்தில் ஒரு கோடு, நூல் பிடித்தது போல நேராகப் போய்க்கொண்டிருந்தது. “பார், பீம் ஒரு மைக்ரான்கூட அசையவில்லை. நீ கொண்டுவந்த படிகங்களில்தான் ஏதோ குறை” என்றேன்.

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? பீமைக் கண்காணிக்கும் கருவிகளுக்குப் பொறுப்பு நான். தலையாட்டிவிட்டு அடுத்த படிகத்தை எடுத்து ஏற்றப் போனாள். கோடு நேராக இருந்தது உண்மைதான். அதை நேராக்கி வைத்திருந்தவள் நான் என்பதுதான் இத்தனை ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

நடந்தது ஐரோப்பாவில் உள்ள ஒரு சிங்க்ரோட்ரான் ஒளிமூலத்தில். எந்த நாடு, எந்த நிலையம் என்று சொல்ல விரும்பவில்லை. அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல் சுற்றளவுள்ள வளையம் அது. அதற்குள் எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். காந்தம் அவற்றின் பாதையை வளைக்கும் இடங்களில் எக்ஸ் கதிர் பீறிட்டு வெளியே வரும்; நாங்கள் பீம் என்று சொல்வது அதைத்தான். வளையத்தைச் சுற்றி வரிசையாகப் பீம்லைன்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஓர் ஈய அறை. அந்த அறைக்குள் ஒருவர் புரதப் படிகத்தை வைப்பார், இன்னொருவர் மின்கலத்தை வைப்பார், வேறொருவர் பழைய ஓவியத்தின் சாயத் துணுக்கை வைப்பார். மாணவியாக இருந்தபோது இந்தூரில் இண்டஸ்-2 வளையத்தை முதன்முதலாகப் பார்த்திருக்கிறேன். 172 மீட்டர் சுற்றளவு. எனக்கு அதுவே அன்றைக்கு மலைப்பாக இருந்தது.

அம்மாவுக்கு இதை விளக்கப் பல வருஷம் முயன்றேன். “அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியுமாடி?” என்று தொலைபேசியில் கேட்பாள். தெரியாதும்மா என்பேன். “அப்போ அது ஒழுங்கா வருதா இல்லையான்னு உனக்கு யார் சொல்றது?” என்பாள். அதைச் சொல்லும் கருவியைக் கவனிப்பதுதான் என் வேலை என்று பெருமையாகச் சொல்வேன்.

கண்ணுக்கே தெரிந்த காலமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில், 1947 ஏப்ரலில், 70 மெகா எலக்ட்ரான் வோல்ட் எந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது, தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு தொழில்நுட்பப் பணியாளர், உள்ளே தீப்பொறி ஏதும் பறக்கிறதா என்று முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பளிச்சென்று ஒரு வெளிச்சப் புள்ளி. தீப்பொறி அல்ல, எலக்ட்ரான் வளையும்போது விடுகிற ஒளி. அதற்கு முன்பே அதே ஆய்வகத்தில் ஜான் பிளூவெட் இன்னும் பெரிய எந்திரத்தில் இந்தக் கதிர்வீச்சைத் தேடியிருந்தார். எலக்ட்ரான்கள் ஆற்றலை இழப்பது அவருக்குத் தெரிந்தது, ஒளி தெரியவில்லை. அந்த எந்திரத்தின் குழாய் ஒளிபுகாதது. ஒளி அங்கே இருந்தது. மறைத்தது குழாயின் சுவர். இந்தக் கதையை நான் பலமுறை பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். நானும் அப்படி ஒரு சுவரைக் கட்டி வைத்திருக்கிறேன் என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

பீமைப் பார்க்க நாங்கள் பயன்படுத்துவது வைரம். ஆய்வகத்தில், வாயுவிலிருந்து அணு அணுவாகப் படிய வைத்து வளர்த்த வைரம். எங்கள் பாட்டிக்கு ஒரு ஜோடி வைரத்தோடு இருந்தது. வாங்குவதற்கு முன் மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து, நல்லது கெட்டது பார்த்து, தோஷம் உள்ள கல் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு கல்லைத் திருப்பிக் கொடுத்த கதையை வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கும் தோஷம் ஆகாதுதான். கல்லுக்குள் நைட்ரஜன் அணு கலந்திருந்தால், எக்ஸ் கதிர் பட்டு உண்டாகிற மின்னூட்டம் அதில் சிக்கிக்கொண்டு வெளியே வராது, அல்லது தாமதித்து வரும். அதனால் நூறு கோடி அணுவுக்கு ஐந்து நைட்ரஜன் அணுகூட இல்லாத தரத்தில் கேட்டு வாங்குவோம்.

அந்தக் கல்லை 50 மைக்ரான் தடிமனுக்கு, தலைமுடியைவிட மெல்லிய தகடாகத் தேய்த்து பீமின் குறுக்கே நிறுத்துவார்கள். 12,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஃபோட்டான்களில் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான் அதில் உறிஞ்சப்படும். மிச்சமெல்லாம் தகடு இருப்பதே தெரியாமல் கடந்து மாதிரிக்குப் போய்விடும். உறிஞ்சப்பட்ட ஒவ்வொரு ஃபோட்டானும் தகட்டுக்குள் எலக்ட்ரான்–துளை ஜோடிகளை உண்டாக்கும். ஒரு ஜோடிக்குச் சுமார் 13 எலக்ட்ரான் வோல்ட் செலவு. ஆக ஒரு ஃபோட்டானுக்கு ஏறத்தாழ 900 ஜோடி. மின்னழுத்தம் கொடுத்தால் அவை ஒரு நானோவிநாடிக்குள், அதாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்குள், தகட்டைக் கடந்து மின்வாய்க்கு வந்து சேரும். சூட்டைக் கடத்துவதில் வைரம் செம்பைவிடப் பல மடங்கு மேல். கதிரில் நாள் கணக்காக நின்றாலும் சோராது. மேல்பூச்சாக இடும் உலோகத்தை நான்கு பாகமாகப் பிரித்துவிட்டால், எந்தப் பாகத்தில் மின்னோட்டம் எவ்வளவு என்று ஒப்பிட்டு, பீம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை ஒரு மைக்ரானுக்கும் குறைவான துல்லியத்தில் சொல்லலாம். மேலே இரண்டும் கூடி, கீழே இரண்டும் குறைந்தால், பீம் மேலே போயிருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

இவ்வளவு வேகமான கண்ணை வாங்கி வைத்துவிட்டு, நான் அதைப் பாதி மூடி வைத்திருந்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு மூன்று ஆண்டு முன்பு நடந்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வேலையில் சேர்ந்த புதிது. வளையத்தில் எலக்ட்ரான்கள் தொடர் ஓட்டமாக ஓடுவதில்லை. கொத்துக் கொத்தாகத்தான் ஓடும். எங்கள் வளையத்தில் ஒரு கொத்துக்கும் அடுத்ததற்கும் 2 நானோவிநாடி, தூரத்தில் 60 சென்டிமீட்டர். சில நாட்களில் பரிசோதனைக்காக ஒரே ஒரு கொத்தை மட்டும் நிரப்பி மற்ற இடங்களையெல்லாம் காலியாக விடுவார்கள். காலி இடத்தில் கொஞ்சம் எலக்ட்ரான் தப்பிப் போய் உட்கார்ந்தாலும், நேரத்தை அளந்து வேலை செய்பவர்களுக்கு அது நஞ்சு. அன்றைக்கு என் வைரத்திலிருந்து வந்த துடிப்பை ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தேன். கூர்மையான பெரிய துடிப்பு ஒன்று. சரியாக 20 நானோவிநாடி தள்ளி, அதே சாயலில் சின்னதாக இன்னொன்று. பத்து இடம் தள்ளி ஒரு திருட்டுக் கொத்து! மூச்சு வாங்கக் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன். அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாலு மணி நேரம் உட்செலுத்தும் கருவி, நேரக் கடிகாரம், எல்லாவற்றையும் குடைந்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் வந்தார் எங்கள் எலக்ட்ரானிக்ஸ் பிரிவின் மூத்த தொழில்நுட்பர். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது அவருக்கு. திரையைப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. டிடெக்டருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையில் நான் போட்டிருந்த 2 மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு, தன் பெட்டியிலிருந்து 3 மீட்டர் கேபிளை எடுத்து மாட்டினார். சின்னத் துடிப்பு 20 நானோவிநாடியிலிருந்து 30-க்கு நகர்ந்து போய் நின்றது. “உன் கேபிள் எவ்வளவு நீளம் என்று வளையத்தில் ஓடுகிற எலக்ட்ரானுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். குரலில் கோபமில்லை. ஆம்ப்ளிஃபையர் முனையில் கனெக்டர் சரியாக முறுக்கப்படாமல் இருந்தது. அங்கே பட்ட துடிப்பில் கொஞ்சம் திரும்பி டிடெக்டருக்குப் போய், அங்கிருந்து மறுபடி திரும்பி வந்தது. கேபிளில் ஒரு மீட்டரைக் கடக்க 5 நானோவிநாடி. போக 2 மீட்டர், வர 2 மீட்டர், மொத்தம் 20. நான் பார்த்தது எதிரொலி.

அவர் அன்றைக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு முறை: சந்தேகம் வந்தால் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதோடு சேர்ந்து எது நகர்கிறது என்று பார். நான் கற்றுக்கொண்டதோ வேறு. கன்ட்ரோல் ரூமில் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வைகள் நெஞ்சில் தைத்துவிட்டன. இனிமேல் திரையில் விகாரமாக எது தெரிந்தாலும் முதலில் என் எலக்ட்ரானிக்ஸைத்தான் சந்தேகிக்க வேண்டும், இன்னொருவர் வேலையை நிறுத்தச் சொல்லவே கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பார்வைக்கு அது பணிவு போல இருந்தது. உண்மையில் அது பயம்.

இனி அந்தப் பச்சைக் கோடு. நாலு பாக வைரத்தைப் புரதப் படிகப் பீம்லைனில் பொருத்தியபோது, விநாடிக்கு 10,000 முறை பீமின் இடத்தை அளக்கும்படிதான் அமைத்தேன். திரையில் வந்ததோ மயிர் சிலிர்த்த கம்பளிப்பூச்சி மாதிரி தடித்த ஒரு பட்டை. வருகிறவர்கள் எல்லாரும் “ஏன் இப்படி நடுங்குகிறது?” என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மதிப்பீட்டுக் குழு ஒன்று வர இருந்த வாரம், அமைப்புப் பக்கத்தைத் திறந்து சராசரி நேரம் என்ற கட்டத்தில் 1 விநாடி என்று நிரப்பினேன். கம்பளிப்பூச்சி மறைந்தது, பட்டு நூலாக ஒரு கோடு வந்தது. பச்சை நிறத்தையும் நானே தேர்ந்தெடுத்தேன். மூல அளவீடுகள் ஒரு மணி நேரம் நினைவகத்தில் இருந்துவிட்டு அழிந்துபோகும். சேமிப்புக்குப் போவது சராசரி மட்டும். எல்லோருக்கும் அந்தத் திரை பிடித்துவிட்டது.

சராசரி எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. காலையில் கட்டடம் சூடேறும்போது பீம் மெல்ல மெல்ல விலகுவதைப் பார்க்க ஒரு விநாடிச் சராசரி தேவைதான். ஒரு படம் எடுக்க ஒரு விநாடியோ அதற்கு மேலோ ஆன காலத்தில் அதற்கு மேல் யாருக்கும் தேவையும் இருக்கவில்லை. ஒரு விநாடிக்குள் பீம் நாற்பது முறை ஆடினாலும் அந்த ஆட்டமெல்லாம் ஒரே படத்துக்குள் கலந்து கரைந்துவிடும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் பிறந்த பிலாட்டஸ், அதன் பின் வந்த ஐகர் போன்ற பிக்சல் டிடெக்டர்கள் அந்தக் காலத்தை முடித்துவைத்தன. விநாடிக்கு நூறு படம் சர்வ சாதாரணமாயிற்று. ஒளிமூலங்களும் சும்மா இருக்கவில்லை. 2016-இல் சுவீடனின் லுண்ட் நகரில் மேக்ஸ்-4 திறந்தது; 2020-இல் கிரெனோபிளின் 844 மீட்டர் வளையம் காந்தங்களையெல்லாம் மாற்றிக்கொண்டு மறுபடி திறந்தபோது அதன் எலக்ட்ரான் கற்றையின் கிடைமட்டப் பரவல் சுமார் 30 மடங்கு சுருங்கியிருந்தது. பீம் ஊசி முனையாகச் சுருங்கச் சுருங்க, முன்பெல்லாம் யாரும் பொருட்படுத்தாத நடுக்கம் பெரிதாகிக்கொண்டே போனது. என் ஒரு விநாடி மட்டும் பழைய காலத்திலேயே நின்றுவிட்டது.

அவள் வந்தது அப்படிப்பட்ட ஒரு வாரத்தில். செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அதைச் சவ்விலிருந்து பிரித்து, சுத்தம் செய்து, படிகமாக்க அவளுக்கு 14 மாதம் ஆகியிருந்தது. விளைந்த படிகங்கள் ஊசி மாதிரி மெலிந்தவை, தடிமன் ஆறேழு மைக்ரான். திரவ நைட்ரஜன் குடுவைக்குள் அடுக்கி, ரயில் மாறி ரயில் ஏறி, குடுவையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். எங்கள் பீமின் உயரம் 5 மைக்ரான். அவள் எடுத்தது விநாடிக்கு 100 படம், ஒவ்வொன்றும் 10 மில்லிவிநாடி. படங்களில், படிகத்தில் பட்டுச் சிதறிய கதிரின் புள்ளிகள் தெரிந்தன. நல்ல தொலைவு வரை, அழகாகவே தெரிந்தன. ஆனால் ஒரே புள்ளியின் அளவை இரண்டு முறை எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. எந்தப் படிகத்தை வைத்தாலும் அதே கதை. எண்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. அப்போதுதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் செய்திருக்க வேண்டியது ஒரு பொத்தானை அழுத்துவது. எக்ஸ் கதிரை அடைக்கும் ஷட்டரை மூடிவிட்டு, சராசரியை நீக்கிவிட்டு, அந்தக் கம்பளிப்பூச்சி இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். ஷட்டர் மூடிய பிறகும் இருந்தால் அது என் எலக்ட்ரானிக்ஸ். மறைந்தால் அது பீம். அந்த மூத்த தொழில்நுட்பர் என் கண் முன்னே செய்து காட்டியதும் இதேதான். இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை. விரலை நீட்டிக் கோட்டைக் காட்டினேன்.

மூன்றாம் நாள் மாலை அவள் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழு மாதம் கழித்து, எனக்கு ஒரு சின்ன வேலை வந்தது. பக்கத்துக் குழு ஒன்று பீமின் வேகமான அசைவுகளைத் தானாகவே திருத்தும் ஏற்பாடு செய்ய நினைத்தது; அதற்கு மூல அளவீடு ஒரு நிமிட அளவுக்குக் கேட்டார்கள். எடுத்தேன். கொடுக்கும் முன் வழக்கமாக எல்லாரும் செய்கிற மாதிரி அலைவெண்களாகப் பிரித்துப் பார்த்தேன். 50 ஹெர்ட்ஸில் மண்மேடு மாதிரி சின்னதாக ஒரு வீக்கம். நான் பழி போட்டிருந்த மின்சார இரைச்சல் அவ்வளவுதான். அதற்கு இடப்பக்கம், 43 ஹெர்ட்ஸில், ஆணி அடித்து நிறுத்தியது போல ஒரு கூர்முனை. ஷட்டரை மூடினேன். மண்மேடு இருந்தது. ஆணி இல்லை. திறந்தேன். ஆணி வந்தது. நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை எனக்கு.

காரணம் தேட அரை நாள் ஆனது. பீமில் நமக்கு வேண்டிய ஆற்றலை மட்டும் பிரித்தெடுப்பது மானோகுரோமேட்டர். அதற்குள் இரண்டு சிலிக்கான் படிகங்கள் எதிரெதிரே இருக்கும். பீமின் சூட்டைத் தணிக்க அவற்றின் வழியே திரவ நைட்ரஜன் ஓடும். சூடு கூடிவிட்டதென்று நைட்ரஜன் பம்பின் வேகத்தை யாரோ நல்ல எண்ணத்தில் கூட்டியிருந்தார்கள். பதிவேட்டில் தேதியோடு இருந்தது. 35 ஹெர்ட்ஸிலிருந்து 43-க்கு. இரண்டாவது படிகத்தைத் தாங்கும் சட்டம் அந்த வேகத்துக்குச் சேர்ந்து ஆடத் தொடங்கிவிட்டது. ஆட்டம் கால் மைக்ரோரேடியன்தான். ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் கால் மில்லிமீட்டர். ஆனால் படிகத்தில் பட்டுத் திரும்பும் கதிர் அதைப்போல் இரண்டு மடங்கு சாயும், 10 மீட்டர் பயணத்தில் அது 5 மைக்ரான் ஆகும். ஆறேழு மைக்ரான் ஊசியின் மேல், 5 மைக்ரான் பீம், அதே அளவுக்கு மேலும் கீழும். ஒரு படத்தில் ஊசி முழுக்க வெளிச்சத்தில், அடுத்ததில் பாதி இருட்டில்.

பம்பின் வேகத்தைக் கூட்டிய தேதி அவள் வந்த வாரத்துக்கு முந்தின வாரம்.

என் கருவியின் சேமிப்பில் ஆதாரம் எதுவும் இல்லை. எல்லாம் சராசரி, எல்லாம் நேர்கோடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, சோற்றையும் தட்டிச் சமன் செய்து வைத்திருந்தேன். அப்போதுதான் அவள் எடுத்த படங்கள் நிலையத்தின் நாடாச் சேமிப்பில் இன்னும் இருக்கும் என்று தோன்றியது. இருந்தன. ஒரு வரிசையை எடுத்தேன், 3,600 படம். படிகப் புள்ளிகளை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பின்னால் மங்கலாகப் படர்ந்திருக்கும் காற்றின் சிதறலை மட்டும் படத்துக்குப் படம் கூட்டினேன். காற்று எப்போதும் காற்றுதான். பீம் மாறாமல் இருந்தால் கூட்டுத்தொகையும் மாறக்கூடாது. மாதிரிக்கு முன்னால் உள்ள நுண்துளையில் ஆடுகிற பீம் ஓரம் உரசி, ஒரு படத்தில் கூடி ஒரு படத்தில் குறைந்திருந்தது. அதையும் அலைவெண்களாகப் பிரித்தேன். 43-இல் ஆணி.

எதைக் குறையுள்ள தரவு என்று எல்லோரும் ஒதுக்கினோமோ, அதற்குள் பீமின் நடுக்கம் படத்துக்குப் படம் பதிவாகியிருந்தது. வைரம் வைத்து நான் பார்க்க மறுத்ததை, வெறும் காற்றை வைத்து அவளுடைய படங்கள் பார்த்திருந்தன.

ஹாம்பர்க்கில் தொடங்கி 3.4 கிலோமீட்டர் நீளும் ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசரில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் அந்த வாரம் இதைச் சொன்னேன். 2017-இல் திறந்த அந்த நிலையம் விநாடிக்கு 27,000 துடிப்புகள் வரை கொடுக்கும். விநாடிக்குப் பத்து தொடர், தொடருக்கு 2,700 துடிப்பு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 220 நானோவிநாடி. அங்கே ஒளி எலக்ட்ரான் கொத்தின் இயல்பான ஒழுங்கின்மையிலிருந்தே முளைத்துப் பெருகுவதால், எந்த இரண்டு துடிப்பும் ஒன்றாக இருக்காது. அதனால் பீம் போகும் குழாயிலேயே மிக மெல்லிய அளவில் செனான் போன்ற வாயுவை விட்டு, ஒவ்வொரு துடிப்பும் எத்தனை அணுக்களை அயனியாக்குகிறது என்று எண்ணி, அந்தத் துடிப்பின் ஆற்றலை அதன் வரிசை எண்ணோடு சேர்த்து ஆராய்ச்சியாளர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். “எங்களிடம் சராசரி கேட்டால் அது யாருடைய எண்ணும் இல்லை” என்றார் நண்பர். கலிஃபோர்னியாவில் 2023-இல் முதல் ஒளி கண்ட எல்சிஎல்எஸ்-2 லேசர் விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்பு வரை போகக் கட்டப்பட்டது. அங்கேயும் ஒவ்வொரு துடிப்புக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் வளையத்தில் பீம் அமைதியானது என்ற நம்பிக்கையில் நான் அந்தக் கடமையிலிருந்து விலகிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. “பீம் நிலைமை முழுவதும் சீராக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எழுது, போதும்” என்று எனக்கு ஆலோசனை வந்தது. அப்படி ஒரு வரைவும் எழுதினேன். படித்துப் பார்த்தேன், அதிலும் சராசரி எடுத்திருந்தேன். அழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன். 43 ஹெர்ட்ஸ், பம்ப், தேதி, ஒரு விநாடிச் சராசரியை வைத்தது நான், உன் படிகங்களில் குறை என்று சொன்னது ஆதாரமில்லாமல் சொன்னது. படத்துக்குப் படம் பீமின் ஏற்ற இறக்கத்தை ஈடு செய்யும் எண்களையும் ஒரு கோப்பாக இணைத்தேன்.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வந்தது. அந்தப் படிகங்களைக் கைவிட்டுவிட்டதாகவும், சவ்விலிருந்து புரதத்தைப் பிரிக்கும் முறையையே மாற்றி, ஏழு மாதமாக வேறு வடிவத்துக்கு முயன்றுகொண்டிருப்பதாகவும், அது இன்னும் விளையவில்லை என்றும் எழுதியிருந்தாள். என்னைத் திட்டி ஒரு சொல் இல்லை. கடைசியில் ஒரு கேள்வி: “அந்த நடுங்குகிற கோட்டை நீங்கள் எப்போதாவது பார்த்திருந்தீர்களா?”

பார்த்தேன் என்று எழுதினேன். பார்த்துவிட்டுத்தான் மறைத்தேன் என்றும் எழுதினேன்.

நான் கொடுத்த எண்களை வைத்துப் பழைய தரவில் கொஞ்சம் மீட்டாள். புரத அமைப்பின் முதுகெலும்பு வரை தெரிந்தது, பக்கக் கிளைகள் தெரியவில்லை. ஆனால் பழைய முறையில் விளைந்த படிகங்களே நல்லவைதான் என்று தெரிய அது போதுமானதாக இருந்தது. மறுபடி விளைவித்தாள். அவசர ஒதுக்கீட்டில் இரண்டு நாள் வாங்கிக் கொடுக்க என்னால் முடிந்தது.

அவள் வந்தபோது பம்ப் 35-க்கு இறங்கியிருந்தது. படிகத்தின் சட்டத்தையும் இறுக்கியிருந்தார்கள். திரையில் பச்சைக் கோட்டை எடுத்துவிட்டு, மூல அளவீட்டையும் அதன் அலைவெண் படத்தையும் பெரிதாகப் போட்டு வைத்திருந்தேன். கம்பளிப்பூச்சி முன்பைவிட மெலிந்திருந்தது, ஆனாலும் கம்பளிப்பூச்சிதான். அவள் குடுவையை மேசை மேல் வைத்தாள். உட்காராமலேயே திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். 43-இல் ஒன்றுமில்லை. 50-இல் அந்தச் சின்ன மண்மேடு.

“இது என்ன?” என்று விரலால் தொட்டுக் கேட்டாள்.

மின்சார இரைச்சல் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நகர்ந்து, ஷட்டர் பொத்தானை அவள் பக்கம் விட்டேன். அவள் மூடினாள். திரையின் பட்டை சுருங்கியது. 50-இல் மேடு அப்படியே நின்றது. திறந்தாள். மறுபடி மூடினாள். மேடு அசையவில்லை. மூன்றாவது தடவை திறந்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, முதல் படிகத்தை எடுக்கக் குடுவையின் மூடியைத் திறந்தாள். வெள்ளைப் புகை மேசை மேல் வழிந்தது.